சிறைச் சமையற்கூடம்: பதிவேட்டில் இருக்கும் உணவு கடைசித் தட்டுக்குப் போகவில்லையே?

கேள்வி: ஒரு சிறையின் சமையற்கூடத்துக்குப் பொறுப்பேற்றுச் சில மாதங்கள் ஆகின்றன. விசாரணைக் கைதிகளும் தண்டனைக் கைதிகளுமாக ஏறத்தாழ 400 பேர், ஐந்து தொகுதிகள். அளவுப் பட்டியல்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,300 கலோரிக்கு மேல் கணக்கு வருகிறது. பதிவேட்டில் குறையே இல்லை. ஆனாலும் கடைசித் தொகுதியில் "பத்தலை, ஆறிப்போய் வருது" என்று தினமும் புகார். பலருக்கு எடை இறங்கியிருக்கிறது. சென்ற மாதம் ஒரே இரவில் முப்பது பேருக்கு மேல் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. நான்கைந்து பேர் கால் வீங்குகிறது, பாதம் மரத்துப்போகிறது என்கிறார்கள். இன்சுலின் போடுபவர்களும் சிலர் உண்டு. தனி அறையில் அடைக்கப்படுபவர்களுக்குச் சாப்பாட்டைக் குறைக்கும்படி வாய்மொழியாக வேறு சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

கால் வீக்கத்திலிருந்து தொடங்குங்கள். மற்றவை சில நாள் பொறுக்கும். அது பொறுக்காது.

அந்த நான்கைந்து பேரையும் இன்றைக்கே சிறை மருத்துவர் பார்க்க வேண்டும். அனுப்பும் குறிப்பில் "பெரிபெரியா என்று பார்க்கவும்" என்று எழுதியே அனுப்புங்கள். வீக்கம் என்றதும் சிறுநீரகம், இதயம் என்றுதான் முதலில் தேடுவார்கள். பெரிபெரிக்குக் காரணமான தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைவு நினைவுக்கு வர நாளாகும். மருத்துவர் வருவதற்குள் நீங்களே இரண்டைக் கவனிக்கலாம்: குந்தி உட்கார்ந்தவரால் கையை ஊன்றாமல் எழ முடிகிறதா, கெண்டைக்காலை அழுத்தினால் வலிக்கிறதா. இவற்றோடு மூச்சுத்திணறலும் இருந்தால் அவரை நடக்கவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இதயத்தைத் தாக்கும் வகை சில நாளிலேயே உயிரைப் பறித்துவிடும். தயமின் மலிவான மருந்து, பெரிய தீங்கும் இல்லாதது. அதனால் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் கொடுக்கத் தொடங்குவதே மருத்துவர்களின் வழக்கம். ஒருவருக்கு உறுதியானாலும், அதே அண்டாவில் சாப்பிடும் மற்ற அனைவரும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உடலில் தயமின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. அதனால்தான் வெளியே பல வகை சாப்பிட்டவர் உள்ளே வந்து ஒரே வகை உணவில் மாட்டும்போது இது வேகமாகத் தலைகாட்டுகிறது. குடிப்பழக்கத்தோடு வந்தவர்களுக்கு இன்னும் வேகமாக வரும். 1890களில் ஜாவா தீவின் சிறைகளை அடோல்ஃப் வோர்டர்மன் என்ற மருத்துவ அதிகாரி ஒப்பிட்டுப் பார்த்தார். தீட்டிய வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் ஏறத்தாழ 39 பேரில் ஒருவருக்குப் பெரிபெரி இருந்தது. தவிடு நீங்காத அரிசி போட்ட சிறைகளில் அது ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர். கட்டடம், காற்றோட்டம், நெரிசல் எதுவும் இந்த வேறுபாட்டை விளக்கவில்லை. அரிசிதான் விளக்கியது.

உங்கள் முக்கியத் தானியம் வெள்ளை அரிசி என்றால் மூன்று காரியம் செய்யுங்கள். முதலில், கொள்முதலைப் புழுங்கல் அரிசிக்கு மாற்றுங்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டினாலும் முழுதும் போகாது. அடுத்தது, அரிசியை நான்கைந்து முறை தேய்த்துக் கழுவுவதையும், நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கஞ்சியை வடித்துக் கொட்டுவதையும் நிறுத்துங்கள். தயமின் தண்ணீரில் கரைவது, கொட்டுகிற தண்ணீரோடு அதுவும் சாக்கடைக்குப் போகிறது. சுத்தமான அரிசி என்றால் ஒருமுறை அலசி, அளந்த தண்ணீரில் வற்றவிட்டு வேகவைத்தால் போதும். மூன்றாவது, பருப்பு. பட்டியலில் இருக்கிற பருப்பு உண்மையில் தட்டில் விழுகிறதா என்பதுதான் கேள்வி, அது நம்மை எடைத் தராசுக்குக் கொண்டுபோகிறது.

பதிவேடு உங்களுக்குச் சொல்வது, இருப்பு அறையிலிருந்து எவ்வளவு வெளியேறியது என்பதை மட்டும்தான். தட்டில் விழுந்ததை அது சொல்லாது. இரண்டு தராசு வேண்டும்: 100 கிலோ தாங்கும் மேடைத் தராசு ஒன்று, ஒரு கிராம் வரை காட்டும் 5 கிலோ மேசைத் தராசு ஒன்று. ஒவ்வொரு அண்டா, வாளி, தட்டின் வெற்று எடையையும் வெளிப்புறத்தில் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். பிறகு முன்னறிவிப்பில்லாமல் மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், அதில் ஒன்று ஆள் குறைவாக இருக்கும் விடுமுறை நாளாக வரும்படி, எல்லாவற்றையும் நிறுங்கள். இருப்பு அறையிலிருந்து வந்த எடை, கல் குப்பை நீக்கிய பின், தோல் சீவிய பின், வெந்த பின், தொகுதிவாரியாகப் பிரித்த பின், கடைசியில் திரும்பி வந்தது, கொட்டியது என ஒரு கண்ணியும் விடாதீர்கள். முதல் தொகுதியில் பத்துத் தட்டு, கடைசித் தொகுதியில் பத்துத் தட்டு எடுங்கள். பரிமாறி முடித்த தட்டைத்தான் எடுக்க வேண்டும். எந்தத் தட்டு என்று முன்பே தெரிந்தால் அது மட்டும் நிறைந்து வரும். எடை பார்த்த உடனே அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்பிட உதவும் அளவுகள்: ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ சோறு வரும். ஒருவேளைக்கு 150 கிராம் அரிசி என்று பட்டியல் சொன்னால் தட்டில் 375 முதல் 450 கிராம் சோறு இருக்க வேண்டும். காய்ந்த பருப்பு வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடும். எலும்பில்லா இறைச்சி வெந்ததும் கால்பங்கு குறையும். கீரை வகைகளில் ஆய்ந்து கழித்த பின் சில வேளை மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். பட்டியலில் உள்ள 250 கிராம் காய்கறி என்பது வாங்கிய எடையா, சீவிய எடையா என்று எழுதப்படாத சிறைகளே அதிகம். அதை முதலில் எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். தானியம் 400 கிராம், பருப்பு 80, எண்ணெய் 30, காய்கறி 250, கிழங்கு 150, பால் 200 மில்லி, சர்க்கரை 20 கிராம். மொத்தம் ஏறத்தாழ 2,340 கலோரி, புரதம் 65 கிராம் அளவில் வரும். வயது வந்த ஒருவருக்கு ஓரளவு போதுமான படி இது. இப்போது கடைசித் தொகுதியில் இருப்பவரின் தட்டுக்கு வாருங்கள். தானியத்தில் சுத்தம் செய்யும்போது 3 சதவீதம் போகிறது: 42 கலோரி. கரண்டியில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது: 140 கலோரி. குழம்பின் அடியில் தங்கிய பருப்பு அவருக்குப் பாதிதான் வருகிறது: 135 கலோரியும் 9 கிராம் புரதமும் போயிற்று. எண்ணெயில் தலைக்கு 8 கிராம் அடுப்புக்கு வராமல் நின்றுவிடுகிறது: 72 கலோரி. கூட்டினால் 389. அவர் உண்மையில் சாப்பிடுவது 1,950 அளவில்தான். 2,340 செலவழிக்கும் உடம்பு இந்தக் குறையில் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ இறங்கும். இத்தனைக்கும் எந்த ஒரு குறையும் பார்த்த மாத்திரத்தில் கண்ணில் படாது.

எண்ணெயைத் தனியாகக் கவனிக்கச் சொல்வேன். 400 பேருக்கு 12 கிலோ எண்ணெய், அதில் 3 கிலோ காணாமல் போனாலும் குழம்பின் நிறமும் மணமும் பெரிதாக மாறாது. சோறு குறைந்தால் கைதி சத்தம் போடுவார். எண்ணெய் குறைந்தால் அவருக்குத் தெரியாது, எடை மட்டும் இறங்கும். ஒருவேளைக்கு உரிய எண்ணெயை முன்கூட்டியே அளந்து, தனி டின்னில் ஊற்றி, அடுப்பருகே இரண்டு பேர் கையெழுத்திட்டு ஊற்றுங்கள். கைதிகளின் பிரதிநிதி ஒருவர் அதில் ஒருவராக இருக்கட்டும்.

சமையற்கூடத்தில் வேலை செய்யும் கைதிகள் கூடுதலாக எடுத்துச் சாப்பிடுகிறார்கள் என்ற புகாரும் உங்களிடம் வந்திருக்கும். வெப்பத்தில் நின்று அண்டா தூக்குபவருக்கு மற்றவரைவிட 400, 500 கலோரி கூடுதலாகவே தேவை. பட்டியல் அதைத் தராதபோது அவர் மற்றவர் பங்கிலிருந்து எடுக்கிறார். அவர்களுக்கான கூடுதல் படியை வெளிப்படையாக எழுதி, அந்த அளவை இருப்பு அறையிலிருந்தே தனியாக வாங்குங்கள். கண்காணிப்பைக் கூட்டுவதைவிட இது பயன் தரும்.

ஒரே அண்டாவை வண்டியில் வைத்துத் தொகுதி தொகுதியாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் உங்கள் கடைசித் தொகுதியின் பசிக்கு முதல் காரணமாக இருக்கும். சமையற்கூடத்திலேயே, அன்று காலை எண்ணிக்கைப்படி, ஒவ்வொரு தொகுதிக்கும் நிறுத்துப் பிரித்து மூடி அனுப்புங்கள். குழம்பை அகப்பையால் அடிவரை கிளறிவிட்டுப் பிரிக்க வேண்டும், பரிமாறும் இடத்திலும் பத்துத் தட்டுக்கு ஒருமுறை கிளற வேண்டும். எல்லாத் தொகுதிக்கும் ஒரே அளவுக் கரண்டி, தலைதட்டி ஒரு கரண்டி எவ்வளவு கிராம் என்று சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்று முதலில் வாங்கிய தொகுதி நாளை கடைசி. நூற்றுக்கு நான்கைந்து பங்கைச் சமையற்கூடத்திலேயே நிறுத்தி வைத்து, எல்லோருக்கும் கிடைத்தது உறுதியான பின்பே வெளியே விடுங்கள். மிஞ்சினால் முறை வைத்து இரண்டாம் கரண்டி போடலாம்.

எடையை எப்படிப் பார்ப்பது என்பதும் முக்கியம். உள்ளே வந்த அன்றும், பிறகு மாதம் ஒருமுறையும் எல்லோரையும் நிறுத்து, தொகுதிவாரியாக எழுதுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் இறங்கினால் மருத்துவர் பார்க்க வேண்டும். இறக்கம் ஒரு தொகுதியில் குவிந்திருந்தால் பங்கீட்டில் கோளாறு. அங்கங்கே ஒருவர் இருவர் என்றால் நோயைத் தேடுங்கள், முதலில் காசநோயை. நெரிசலான சிறைகளில் அது எளிதில் பரவும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் எடை இறக்கமும் சேர்ந்தால் சளிப் பரிசோதனை தவறக் கூடாது. புதிதாக வந்தவர்களிடம் மட்டும் இறங்கினால் அவர்கள் தட்டை வேறு யாரோ பறிக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். கேன்டீனில் வாங்கக் காசில்லாத, பார்க்க யாரும் வராத கைதிகளின் பெயர்களைத் தனியே எடுத்து அவர்கள் எடையைப் பாருங்கள். சிறை போடும் சாப்பாடு மட்டுமே போதுமா என்பதற்கு அவர்கள் உடம்புதான் நேர்மையான விடை.

நேரம் இன்னொரு சிக்கல். மாலை லாக்கப்புக்கு, அதாவது கைதிகளை அறையில் வைத்துப் பூட்டுவதற்கு, முன் பரிமாற வேண்டும் என்பதால் நாலரைக்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். அடுத்த உணவு காலை எட்டுக்கு என்றால் பதினைந்தரை மணி நேரம் பட்டினி. இந்த இடைவெளி 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதைச் சிறை நிர்வாகத் தரங்கள் வரம்பாகக் கொள்கின்றன. லாக்கப் நேரத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் லாக்கப்பின்போது கெடாத சிறு உணவு ஒன்றை, 200 கலோரி அளவில், கையில் கொடுத்துவிடலாம். நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் காலை உணவுக்கு முன்பே வண்டி ஏறி, இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு திரும்புவார்கள். முந்தின மாலையே பட்டியலை வாங்கி, அதிகாலையில் சூடாக ஒன்று, கையில் ஒரு பொட்டலம், குடிநீர் பாட்டில், திரும்பி வந்ததும் எடுத்து வைத்த இரவு உணவு என நான்கையும் உறுதிசெய்யுங்கள். இரவில் புதிதாக வந்து சேர்பவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கலாம். கடந்த நான்கு வாரங்களில் ஒரே இரவில் அதிகபட்சம் எத்தனை பேர் வந்தார்களோ அத்தனை பேருக்குக் கெடாத உணவு வாயிலறையில் எப்போதும் இருக்கட்டும்.

இனி அந்த வயிற்றுப்போக்கு. எத்தனை பேருக்கு என்பதைவிட எத்தனை மணிக்கு என்பது அதிகம் சொல்லும். ஒரு தாளில் மணிவாரியாகக் கோடு போட்டு, யாருக்கு எப்போது தொடங்கியது, வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா என்று குறியுங்கள். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி முந்திக்கொண்டால் ஆறிய சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி அல்லது கையிலிருந்து வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ். காய்ச்சலோடு ஒன்றிரண்டு நாள் தள்ளி வந்தால் சால்மொனெல்லா போன்றவை. மதியம் சாப்பிட்டு, 8 முதல் 16 மணி நேரம் கழித்து வயிற்றைப் பிசைந்து போக்கு மட்டும் வந்து, காய்ச்சலோ வாந்தியோ பெரிதாக இல்லாமல் ஒரே நாளில் அடங்கியிருந்தால் அது பெரும்பாலும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். நீங்கள் சொல்லும் "ஒரே இரவில்" என்பது இதைத்தான் நினைவூட்டுகிறது.

பெரிய அண்டாச் சமையலை நம்பி வாழும் கிருமி அது. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. குழம்பு மெல்ல ஆறி 45 டிகிரி செல்சியஸ் அருகே வரும்போது முளைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஆழமான அண்டாவின் நடுப்பகுதி அந்தச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்கும். எனவே அனுப்பும்போது 75 டிகிரிக்குக் குறையக் கூடாது, கடைசித் தட்டு விழும்போது 60 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. நடுவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் வாங்குங்கள், வாரம் ஒருமுறை ஐஸ் தண்ணீரில் வைத்து பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று சரிபாருங்கள். சூடு காக்கும் டப்பாக்களில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு உடனே நிரப்பினால் சூடு நெடுநேரம் நிற்கும். பாதி நிரப்பிய டப்பா சீக்கிரம் ஆறும், அதனால் தொகுதிக்கேற்ற அளவு டப்பா வேண்டும். தூரத்துத் தொகுதிகளுக்கு அரை மணி தள்ளி இரண்டாவது அண்டா ஏற்றுவது இன்னும் நல்லது. வேகமாகக் குளிரவைக்கும் கருவி இல்லாத சமையற்கூடத்தில் மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்கவே கூடாது.

ஒவ்வொரு உணவிலும் 100 முதல் 200 கிராம், கொதிநீரில் சுத்தம்செய்த மூடியுள்ள பாத்திரத்தில், 5 டிகிரியில், 72 மணி நேரம் எடுத்து வையுங்கள். சென்ற மாதம் அது இருந்திருந்தால் காரணம் இதற்குள் கையில் இருக்கும். சமைப்பவருக்கு வயிற்றுப்போக்கு என்றால், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவைத் தொடக் கூடாது. ஆனால் சொன்னால் வேலையும் கூலியும் போய்விடும் என்று அவர் மறைப்பார். அந்த நாட்களுக்கும் கூலி உண்டு, வேலை அவருக்காகக் காத்திருக்கும் என்று எழுத்தில் கொடுத்தால்தான் உண்மை வெளியே வரும்.

இன்சுலின் போடுபவர்களுக்குத் தனிச் சமையல் தேவையில்லை, தனிப் பரிமாறல்தான் தேவை. சோறு அல்லது ரொட்டி ஒவ்வொரு வேளையும் ஒரே அளவு, பருப்பும் காயும் கூடுதல், சர்க்கரை இல்லாத பானம். ஆபத்து நேரத்தில்தான் இருக்கிறது. ஊசி போடும் பணியாளர் ஒரு நேரத்துக்கு வருகிறார், உணவு வண்டி எண்ணிக்கை சரிபார்ப்பில் சிக்கி ஒன்றரை மணி தாமதமாகிறது. அதற்குள் ரத்தச் சர்க்கரை சரிந்து கைதி மயங்குகிறார், காவலர் நடிப்பு என்று நினைக்கிறார். 'ரெகுலர்' என்ற வகை இன்சுலினுக்கு ஊசியிலிருந்து அரை மணிக்குள் உணவு வேண்டும். எனவே உணவு வண்டி தொகுதிக்குள் வந்ததை உறுதிசெய்த பின்பே ஊசி என்று மருத்துவரோடு பேசி முறையாக்குங்கள். பூட்டிய அறைக்குள்ளேயே அவர் கையில் 15 முதல் 20 கிராம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். இரவுக் காவலரின் மேசையிலும் ஒன்று இருக்கட்டும். லாக்கப் நேரச் சிறு உணவு இவர்களுக்குக் கட்டாயம். சிறப்பு உணவு அட்டைகளில் நோயின் பெயரை எழுதாமல் எண் போடுங்கள். தட்டு கைமாறும் இடத்தில் ஒருவரின் நோய் ஊருக்கெல்லாம் தெரியக் கூடாது.

கடைசியாக, தனி அறைக் கைதிகளுக்கு உணவைக் குறைப்பது. 1955-இல் வந்த ஐ.நா. குறைந்தபட்ச விதிகள், மருத்துவ அதிகாரி உடல் தாங்கும் என்று எழுத்தில் சான்றளித்தால் அதை அனுமதித்தன. 2015-இல் திருத்தி நெல்சன் மண்டேலா விதிகள் என்று பெயரிட்டபோது அந்த வாசல் அடைக்கப்பட்டது. உணவையோ குடிநீரையோ குறைப்பதை விதி 43 தண்டனையாகவே ஏற்கவில்லை. விதி 22 போதுமான, நன்கு சமைத்த உணவையும், கேட்கும்போதெல்லாம் குடிநீரையும் எல்லாக் கைதிகளுக்கும் உறுதிசெய்கிறது. உணவின் அளவையும் தரத்தையும் மருத்துவர் தவறாமல் பார்த்துச் சிறைத் தலைவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது விதி 35. உங்கள் நாட்டுச் சிறை விதித் தொகுப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான்.

வாய்மொழி உத்தரவை வாய்மொழியாக மறுக்க வேண்டாம். "இன்ன தேதியில் இன்ன அறைக்கு உணவு குறைக்கச் சொல்லப்பட்டது, எழுத்து உத்தரவும் மருத்துவர் கருத்தும் வேண்டுகிறேன், அதுவரை முழுப் படி அனுப்பப்படும்" என்று குறிப்பெழுதி, மேலதிகாரிக்கும் மருத்துவருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். பாதுகாப்புக் காரணம் இருந்தால் உலோகத் தட்டுக்குப் பதில் காகிதத் தட்டு, கூரில்லாத கரண்டி, கதவுத் துவாரம் வழியாகப் பரிமாறல் என எதையும் மாற்றிக்கொள்ளலாம். அந்தத் தட்டையும் மற்ற தட்டுகளைப் போலவே தராசில் வைத்து, எடையை எழுதி அனுப்புங்கள்.